அடர்த்தியும் சாரடர்த்தியும் ஒரே எண் என்றால் எதற்கு இரண்டு?

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 10க்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "நீரின் அடர்த்தி 1, சாரடர்த்தியும் 1. பாலுக்கு 1.03, அதற்கும் 1.03. பிறகு எதற்கு இரண்டு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அடர்த்திப் போத்தல் எங்களிடம் இல்லை. ஸ்ட்ரோவில் நீரமானி செய்து பார்த்தோம், கோடுகள் சம இடைவெளியில் வரவில்லை. எங்கே பிழை?" நீரமானி என்பது திரவத்தில் மிதக்கவிட்டு, எவ்வளவு மூழ்குகிறது என்று பார்த்து அதன் சாரடர்த்தியை வாசிக்கும் கருவி. மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். எண் ஒன்றாக இருக்கும்போது கருத்து வேறு என்பதைப் பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் எப்படிக் காட்டுவது? மலையகத்தில் நெடுங்காலம் உயர்தர இரசாயனவியல் படிப்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. அடர்த்தி என்பது ஒரு பொருளின் திணிவை அதன் கனவளவால் வகுத்து வருவது. அதற்கு அலகு உண்டு. சாரடர்த்தி, பழைய நூல்களில் தன்னீர்ப்பு, என்பது அந்தப் பொருளின் திணிவை அதே கனவளவு நீரின் திணிவால் வகுத்து வருவது. கிராமைக் கிராமால் வகுப்பதால் அலகு இல்லை. எதனோலின் அடர்த்தி 20 பாகை செல்சியஸில் கன சென்ரிமீற்றருக்கு 0.789 கிராம். அதையே சர்வதேச அலகில் எழுதினால் கன மீற்றருக்கு 789 கிலோகிராம். சாரடர்த்தியோ எந்த அலகு முறையிலும் ஏறக்குறைய 0.79தான். எனவே பிள்ளைகளிடம் முதல் நாளே 789, 0.79 என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். "ஒரே எண்" என்ற குழப்பத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

மீதிப் பாதிக்கு வரலாறு தேவை. கிராமும் கன சென்ரிமீற்றரும் தற்செயலாகப் பொருந்தவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் மெட்ரிக் அளவைகளை அமைத்தவர்கள் ஒரு லீற்றர் நீரின் திணிவையே ஒரு கிலோகிராமாக எடுத்துக்கொண்டார்கள். நீருக்கு 1 வருவது நீரின் மகிமையால் அல்ல, அலகை அப்படி வெட்டித் தைத்ததால். அந்தத் தையலும் முற்றிலும் நேராக அமையவில்லை. 1901 முதல் 1964 வரை லீற்றரை ஒரு கிலோகிராம் நீரின் கனவளவாக வரையறுத்திருந்தார்கள். கவனமாக அளந்தபோது அது 1.000028 கன டெசிமீற்றர் என்று வந்தது. 1964இல்தான் லீற்றர் சரியாக ஒரு கன டெசிமீற்றர் என்று ஆனது. இறாத்தலும் கலனும் புழங்கிய காலத்து ஆட்களுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது. ஒரு கலன் நீர் 10 இறாத்தல், ஒரு கலன் பால் ஏறக்குறைய 10.3 இறாத்தல். அங்கே அடர்த்தி 10.3, சாரடர்த்தி 1.03. வேறுபாடு கண்ணுக்கு நேரே நிற்கிறது.

ஒப்பிடுவதற்கு நீரேதான் வேண்டும் என்றும் இல்லை. 11ஆம் நூற்றாண்டில் அல்-பிரூனி என்ற அறிஞர் உலோகங்களையும் மாணிக்கக்கற்களையும் மிகத் துல்லியமாக நிறுத்து ஒப்பிட்டார். உலோகங்களுக்குப் பொன்னை 100 என்றும், கற்களுக்கு நீலக்கல்லை 100 என்றும் வைத்துக்கொண்டார். பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகள் மாணிக்கக்கல் அகழ்வதைப் பார்த்தே வளர்பவர்கள், அவர்களிடம் இதைச் சொன்னால் உடனே காது கொடுப்பார்கள். நீலக்கல்லின் சாரடர்த்தி ஏறக்குறைய 4, சாதாரண படிகக்கல்லுக்கு 2.65. வட்டி என்ற கூடையில் இல்லத்தை, அதாவது மாணிக்கக்கல் கலந்த சரளை மண்ணை, போட்டு நீரில் சுழற்றும்போது இலேசான மணல் மேலே வந்து வழிந்து போவதும், கனத்த கற்கள் நடுவில் தங்குவதும் இந்த வேறுபாட்டால்தான். ஒரு கல்லின் சாரடர்த்தி 4 என்று வந்துவிட்டால் மட்டும் அது நீலக்கல் என்று முடிவு கட்ட முடியாது. சேர்கன் கற்களில் சில 4க்குக் கிட்டத்தான் வரும், காணட் கற்களில் சிலவும் அப்படித்தான். 2.65 வந்தால் நீலக்கல் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இது இந்தப் பாடம் முழுவதற்கும் பொருந்தும்: சாரடர்த்தி ஒன்றைத் தள்ளிவிட உதவும் அளவுக்கு, ஒன்றை நிரூபிக்க உதவாது.

இனிப் படிப்பிக்கும் முறை. பாடநூல் அடர்த்தியைச் சொல்லி, பிறகு சாரடர்த்திக்கு வருகிறது. நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். ஒப்பீடு பிள்ளைக்கு முன்பே தெரிந்தது. ஒரே அளவான இரண்டு போத்தல்களில் நீரும் தேங்காய் எண்ணெயும் நிரப்பிக் கையில் கொடுத்தால் எது கனம் என்று சொல்லிவிடும். வகுத்து வரும் கணியம்தான் புதிது. அதனால் முதலில் "அதே அளவு நீரை விட எத்தனை மடங்கு" என்று கேளுங்கள். கனவளவு என்ற எண் அங்கே தேவையே இல்லை. அது பிடிபட்ட பிறகு, "சரி, ஒரு கன சென்ரிமீற்றருக்கு எத்தனை கிராம்?" என்று போங்கள்.

அடர்த்திப் போத்தல் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். அந்தப் போத்தலின் வேலை ஒவ்வொரு முறையும் அதே கனவளவைப் பிடிப்பது, அவ்வளவுதான். வாய் சமமான ஒரு ஜாம் போத்தலை விளிம்பு வரை நிரப்பி, தட்டையான கண்ணாடித் துண்டைப் பக்கவாட்டில் வழுக்கி மூடினால் மேலதிக நீர் வழிந்துவிடும், குமிழி இல்லாமல் நிரம்பும். கண்ணாடியின் ஓரத்தை முன்பே தேய்த்து மழுக்கிவிடுங்கள். வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு நிறுக்க வேண்டும். வெறும் போத்தல், நீரோடு, மற்றத் திரவத்தோடு என்று மூன்று நிறுவை. உள்ளே 250 கிராம் நீர் பிடித்து, அதே போத்தல் நிரம்பிய உப்புக்கரைசல், அதாவது இனி உப்புக் கரையாத கரைசல், 300 கிராம் பிடித்தால் சாரடர்த்தி 1.20. போத்தலின் கனவளவு என்ன என்று யாரும் அளக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் கவனிக்கும்படி ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

திண்மத்துக்கு நான் எப்போதும் எடுப்பது உருளைக்கிழங்கு. நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் கிழங்கு எல்லா வீட்டிலும் இருக்கும். சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும். கிழங்கை நிறுங்கள், 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒரு பாத்திரத்தில் நீர் வைத்துத் தராசில் ஏற்றி, பூச்சியமாக்குங்கள். கிழங்கை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். நூலை ஒரு பிள்ளை பிடித்திருக்கும்போதே தராசு 232 கிராம் என்று காட்டும். கிழங்கின் பாரத்தை நூல் தாங்குகிறது என்று எல்லாரும் பார்க்கிறார்கள். அப்படியானால் இந்த 232 எங்கிருந்து வந்தது? நீர் கிழங்கை மேலே தள்ளும் மேலுதைப்பு எவ்வளவோ, அவ்வளவால் கிழங்கு நீரைக் கீழே தள்ளுகிறது. மேலுதைப்பு இடம்பெயர்ந்த நீரின் நிறைக்குச் சமம். ஆகவே தராசு காட்டுவது கிழங்கின் அதே கனவளவு நீரை. 250ஐ 232ஆல் வகுத்தால் 1.078. சாரடர்த்தியின் வரைவிலக்கணம் தராசின் முகத்திலேயே எழுதி வருவது இந்த ஒரு செய்முறையில்தான். இதைக் கண்ட பிள்ளை பிறகு மறப்பதில்லை.

அதோடு வழுவையும் சொல்லிக் கொடுக்கலாம். 232க்குப் பதில் 231 என்று வந்தால் விடை 1.082, 233 என்றால் 1.073. ஒரு கிராம் ஆட்டத்தில் மூன்றாம் தசமம் முழுக்க ஆடிவிடுகிறது. கிழங்கில் மாப்பொருள் கூடினால் சாரடர்த்தி கூடும். பொரியல் தொழிற்சாலைகள் 1.08க்கு மேலான கிழங்கை விரும்புவதும் அதனால்தான். ஆனால் ஒரு கிழங்கை 1 கிராம் தராசில் நிறுத்து "இது மாக்கிழங்கு" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு கிலோ கிழங்கை வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டால் அதே ஒரு கிராம் பிழை 0.001 அளவுக்குச் சுருங்கும். உள்ளே வெடித்துப் பொந்து விழுந்த கிழங்கும், தோலில் ஒட்டிய காற்றுக் குமிழியும் விடையைக் குறைத்துக் காட்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நேரம் இருந்தால் உப்புக்கரைசலில் சரிபார்க்கலாம். 890 கிராம் நீரில் 110 கிராம் உப்புக் கரைத்தால் கரைசலின் சாரடர்த்தி ஏறக்குறைய 1.078 வரும். அந்தக் கிழங்கு அதில் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் மயங்கி நிற்கும்.

இனிப் பால். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் வகுப்பில் பல பிள்ளைகளின் வீட்டில் மாடு இருக்கும். காலையில் பால் சேகரிக்க வருபவர் பாலுக்கான நீரமானியான லக்டோமீற்றரை மிதக்க விட்டு 30 என்று வாசித்தால் சாரடர்த்தி 1.030 என்று பொருள். 100 பங்கில் 10 பங்கு நீர் கலந்தால் அந்த 30 ஏறக்குறைய 27 ஆகும். உங்கள் ஜாம் போத்தலில் இது தெரியாது. 250 கிராமுக்கு ஒரு கிராம் பிழை 0.004, நீர் கலந்ததால் வந்த வேறுபாடே 0.003தான். 0.1 கிராம் வரை காட்டும் தராசு கிடைத்தால் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாமல் செய்யவிட்டால், நீர் கலந்த பாலும் கலக்காத பாலும் ஒன்று என்று பிள்ளை எழுதி வைத்துவிடும்.

லக்டோமீற்றர் தண்டில் அது எந்த வெப்பநிலைக்குக் கோடிடப்பட்டது என்று எழுதியிருக்கும். 15.6 பாகைக்கும் உண்டு, 20க்கும் உண்டு, 27க்கும் உண்டு. பால் அதைவிடச் சூடாக இருந்தால் விரிந்திருக்கும், வாசிப்புக் குறையும். ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.2 என்று கணக்கு. தண்டில் எழுதியதைவிட 10 பாகை கூடச் சூடான நல்ல பால் 30க்குப் பதில் 28 காட்டும். வெப்பமானி வைக்காமல் பார்ப்பவருக்கு அது நூற்றுக்கு ஆறேழு பங்கு நீர் கலந்த பால் போலத் தெரியும். கறந்த சூடு ஆறாமல் கொண்டுபோன குடும்பம் செய்யாத குற்றத்துக்குப் பேச்சு வாங்கும். ஒன்றிரண்டு மாட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீட்டில் இது சின்ன விடயம் அல்ல. குளிர்ந்த பாலில் கலந்த நீர் இதே காரணத்தால் மறைந்தும் போகும். கறந்த உடன் பாலில் காற்றுக் குமிழிகளும் இருக்கும். கொழுப்பு மெல்ல உறைய உறைய, அடர்த்தி அடுத்த சில மணி நேரம் சற்றே கூடிக்கொண்டும் போகும். ஆற விட்டு, மெதுவாகக் கலக்கி, நுரை போன பிறகு அளப்பதுதான் நியாயம்.

வெப்பநிலையைச் சரி செய்த பிறகும் லக்டோமீற்றர் ஒன்றை மட்டும் வைத்துக் கலப்படம் என்று உறுதி சொல்ல முடியாது. கொழுப்பின் அடர்த்தி நீரைவிடக் குறைவு, சாரடர்த்தி ஏறக்குறைய 0.93. பாலில் உள்ள சீனியும் புரதமும் உப்புகளும் அடர்த்தியைக் கூட்டுகின்றன. பாலாடையை எடுத்துவிட்டால் வாசிப்பு ஏறும், நீர் ஊற்றினால் இறங்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பழைய 30க்கே திரும்பி வரும்! மாட்டின் இனம், தீனி, கன்று போட்டு எத்தனை மாதம் என்பதாலும் எண் மாறும். கொழுப்பையும் தனியே அளந்தால் படம் தெளிவாகும். கலந்த நீரைக் கண்டுபிடிக்க இன்னும் நம்பகமான வழி பால் உறையும் வெப்பநிலை, அது நல்ல பாலில் பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழே அதிகம் மாறாமல் நிற்கும். அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

வெப்பநிலை என்றதும் நம் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில் உறையும். நுவரெலியாவில் காலையில் எந்த வீட்டுப் போத்தலைப் பார்த்தாலும் வெள்ளையாக இறுகியிருக்கும். இறுகிய எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து உருகிய எண்ணெயில் போடுங்கள், மூழ்கும். பனிக்கட்டித் துண்டை நீரில் போட்டால் மிதக்கும். உறையும்போது சுருங்குவதுதான் பெரும்பாலான பொருட்களின் வழக்கம், நீர் விதிவிலக்கு. பனிக்கட்டியின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 0.917 கிராம். திரவ நீரின் அடர்த்தி 4 பாகையில் உச்சத்தில் இருந்து, 12 பாகையில் 0.9995 ஆகவும் 28 பாகையில் 0.9962 ஆகவும் குறைகிறது. எதனோல் இதைவிடப் பலமாக விரிவது, அதே 16 பாகையில் அதன் அடர்த்தி நூற்றுக்கு 1.7 அளவு குறையும். ஆகவே நுவரெலியாவின் காலை வகுப்பும் கொழும்பின் மதிய வகுப்பும் மூன்று தசமத்துக்கு ஒரே விடை தராது. வெப்பநிலையைப் பக்கத்தில் எழுதாத அடர்த்திக்கு நான் முழுப் புள்ளி கொடுத்ததில்லை. உயர்தரப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று சொல்லலாம். 20 பாகை எதனோலை 4 பாகை நீரோடு ஒப்பிட்டால் 0.789, 20 பாகை நீரோடேயே ஒப்பிட்டால் 0.791. அட்டவணைகளில் 20/4, 20/20 என்று இருப்பது இதைத்தான் சொல்கிறது.

மலை உயரம் இதைப் பாதிக்குமா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே வளியமுக்கம் குறைவு, ஆனால் அதனால் நீரின் அடர்த்தியில் வருவது இலட்சத்தில் ஒரு பங்கு மாற்றம், மறந்துவிடலாம். புவியீர்ப்பு நூற்றுக்கு 0.06 அளவு குறைகிறது. கடல் மட்டத்தில் சரிசெய்த தராசு அங்கே 250 கிராமை 0.15 கிராம் குறைத்துக் காட்டும். அடர்த்தியைக் கணித்தால் அந்தப் பிழை விடைக்குள் வந்துவிடும். சாரடர்த்தியில் மேலேயும் கீழேயும் அதே தராசு, அதே குறை, வகுக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். எதற்கு இரண்டு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை. வாயுக்களின் கதை வேறு. அமுக்கம் குறையக் குறைய அவற்றின் அடர்த்தியும் அதே விகிதத்தில் குறையும், அதை இந்தப் பாடத்தில் கலக்க வேண்டாம்.

இரசாயனவியலில் இந்த எண் எங்கே பயன்படுகிறது என்று கேட்டால், கராஜில் இருந்து தொடங்கலாம். லொறிப் பற்றரியின் அசிட்டை உறிஞ்சிப் பார்க்கும் நீரமானி முழுதாக ஏற்றிய பற்றரியில் 1.27 அளவு காட்டும், இறங்கிய பற்றரியில் 1.12 பக்கம் வரும். மின் எடுக்கும்போது சல்பூரிக்கமிலம் ஈயத்தோடு சேர்ந்து ஈயசல்பேற்றாகிவிடுவதால் கரைசல் நீர்த்துப் போகிறது. ஆய்வுகூடத்தில் செறிந்த சல்பூரிக்கமிலப் போத்தலில் 1.84 என்றும் 98% என்றும் எழுதியிருக்கும். ஒரு லீற்றர் 1,840 கிராம், அதில் 98% அமிலம், மூலர்த் திணிவு 98, ஆகவே செறிவு லீற்றருக்கு 18.4 மூல். இந்தக் கணக்கு உயர்தரத்தில் திரும்பத் திரும்ப வரும். இரண்டு திரவத்தின் அடர்த்திகளைக் கூட்டிச் சராசரி எடுத்துக் கலவையின் அடர்த்தி சொல்லும் பழக்கத்தை மட்டும் ஆரம்பத்திலேயே நிறுத்துங்கள். 50 மில்லிலீற்றர் எதனோலும் 50 மில்லிலீற்றர் நீரும் சேர்த்தால் 100 வராது, 96, 97 பக்கம்தான் வரும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால், ஒரே பெட்டியில் தூள் ரகம் அதிகமாகவும் பெரிய இலை ரகம் குறைவாகவும் பிடிக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது இடையில் உள்ள காற்றையும் சேர்த்து வரும் தோற்ற அடர்த்தி. தேயிலைப் பொருளின் அடர்த்தி அதுவல்ல.

கடைசியாக உங்கள் ஸ்ட்ரோ. நீங்கள் பிழை செய்யவில்லை, கோடுகள் சமமாக வரக்கூடாது. அடியில் களிமண் அடைத்த ஸ்ட்ரோ நிமிர்ந்து மிதக்கும்போது, மூழ்கிய நீளத்தையும் திரவத்தின் சாரடர்த்தியையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வரும். நீரில் 10 சென்ரிமீற்றர் மூழ்கினால், 1.20 உப்புக்கரைசலில் 8.3, 0.92 தேங்காய் எண்ணெயில் 10.9. சாரடர்த்தி கூடக் கூடக் கோடுகள் நெருங்கும், மேலே போகப் போக விலகும். களிமண் உருண்டை ஸ்ட்ரோவை விடத் தடித்திருந்தால் இந்தக் கணக்குச் சற்றுத் தவறும், அதனால் களிமண்ணைக் குழாய்க்கு உள்ளேயே அடையுங்கள். நீரில் ஒரு கோடு, நிரம்பிய உப்புக்கரைசலில் ஒரு கோடு போட்டு, இடையில் வர வேண்டியதைப் பிள்ளைகளே கணித்துக் குறிக்கட்டும். பிறகு 11% உப்புக்கரைசலில் விட்டு, 9.3 சென்ரிமீற்றரில் நிற்கிறதா என்று பாருங்கள்.